பரிமாறுகிறவர் போடும் கோடு: தருமபுரி, கிருஷ்ணகிரி ஓட்டல் பார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணிக்கு மேல் எந்த பாரிலும் ஒரு மேசைக்குப் போய், "எத்தனை ஆயிற்று அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். "இரண்டுதான் தம்பி" என்பார். ஆர்டர் சீட்டில் ஐந்து இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மது முதலில் அழிப்பது அந்தக் கணக்கைத்தான். குடிப்பவரால் எண்ண முடியாமல் போகிற நேரத்தில் அவருக்காக எண்ண ஒருவர் வேண்டும். அந்த வேலை பரிமாறுகிறவருடையது.

நான் கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்து, பிறகு சப்ளையர்களை மேற்பார்க்கும் கேப்டனாகி, இப்போது புதிதாக வரும் பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் மேலாளர்களுக்காகவும் எழுதுவது.

சேர்ந்த முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். மாந்தோப்புக்காரர், அமைதியானவர். அன்று அவருக்கு நான் 60 மில்லி லார்ஜ் மூன்று கொடுத்தேன். நான் சாப்பிடப் போன இடைவெளியில் இன்னொரு சப்ளையர் மூன்று கொடுத்தார். நான் மூன்று என்று நினைத்தேன், அவரும் மூன்று என்று நினைத்தார். மனிதருக்குள் போனது ஆறு. பில் பணத்தில் 140 ரூபாய் குறைந்தது, "அடுத்த வாரம் தருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தார். சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி ஒரு காலை இழந்தார். நான்கு நாள் கழித்து அவர் மகன் வந்தான். "அப்பா பாக்கி வைத்திருக்கிறாராம்" என்று 140 ரூபாயை எண்ணிக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்துதான் நான், கொடுக்கும் மதுவைக் கணக்கு வைக்க, சீட்டில் கோடு போடுகிறேன்.

உரிமத்தை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. மேசைக்கு மது கொண்டுவந்து பரிமாறும் உரிமை எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல்களுக்கும், எஃப்.எல்.2 உரிமம் பெற்ற மன்றங்களுக்கும் உண்டு. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்கள் வேறு வகை. அங்கே மது கடையில் வாங்கப்படுகிறது. பார் நடத்துபவர் தின்பண்டம், தண்ணீர், கிளாஸ் கொடுக்கலாம், காலி பாட்டில் சேகரிக்கலாம், மதுவை விற்கக்கூடாது. இந்த இரண்டிலும் சேராத சாப்பாட்டுக் கடைகளும் நெடுஞ்சாலைத் தாபாக்களும் வாடிக்கையாளர் கொண்டுவந்த பாட்டிலைத் திறக்க அனுமதித்தாலே குற்றம். "நாங்கள் விற்கவில்லையே, கிளாஸ்தானே கொடுத்தோம்" என்கிற சமாதானம் சோதனை வரும் நாளில் எடுபடாது.

நம் உரிமம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று புதுப் பையன்களைக் கேட்பேன். யாரும் சரியாகச் சொன்னதில்லை. அது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். பெயரே மதுவிலக்கு. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள் இருந்தன. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டம் ஆனது, கிருஷ்ணகிரி 2004இல் அதிலிருந்து பிரிந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக, நாம் நிற்கிற இதே மண்ணில், தடை என்று தொடங்கிய ஒரு சட்டம் நமக்கு விதிவிலக்காகக் கொடுத்த இடம்தான் இந்த பார். விதிவிலக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை மனதில் வைத்தால் மற்ற விதிகள் பாரமாகத் தெரியாது.

உரிமத்தில் எழுதிய நேரத்துக்கு முன்பும் பின்பும் ஒரு கிளாஸ்கூடக் கிடையாது. குடியரசு நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி ஆகிய நாட்களில் மூடல். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல். ஆட்சியர் அறிவிப்பு வந்தவுடன் அதைக் கல்லாவின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

வயதை வாசலிலேயே கேளுங்கள்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக்கூடாது. ஓசூரில் தொழிற்பயிற்சிக்கு வந்த பையன்கள் நிறைய. கையில் முதல் சம்பளம் இருக்கும், முகத்தில் மீசை இருக்கும், வயது 19ஆக இருக்கும். மேசையில் தண்ணீர் வைத்து, மெனு கொடுத்து, சைடிஷ் ஆர்டரும் எடுத்த பிறகு அடையாள அட்டை கேட்டால் சண்டைதான் வரும். உட்காரும் முன்பே கேளுங்கள். "தம்பி, இங்கே எல்லோரிடமும் கேட்பதுதான், ஓட்டுநர் உரிமமோ ஆதாரோ காட்டுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். தலைமயிரையும் உடையையும் பார்த்து வயது கணிக்க வேண்டாம். இன்றைய தேதியிலிருந்து 21 வருடம் பின்னால் போன தேதியைத் தினமும் ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டி வையுங்கள். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்கு மது இல்லை. மனக்கணக்கில் தப்பு வரும், சிலேட்டில் வராது.

குழுவில் ஒருவர் மட்டும் வயது குறைந்தவராக இருந்தால் அவருக்கு ஜூஸ் கொடுக்கலாம். மற்றவர்கள் தங்கள் கிளாஸை அவர் பக்கம் நகர்த்துவதைப் பார்த்துவிட்டால் அந்த மேசை முழுவதற்கும் நிறுத்துங்கள். இதில் தயவு காட்ட இடமே இல்லை.

கோடு போடும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் 30 மில்லி ஸ்மால் பெக்கில் கிட்டத்தட்ட 13 மில்லி சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. எடையில் 10 கிராம். இந்த 10 கிராமுக்கு ஒரு கோடு. 60 மில்லி லார்ஜ் என்றால் இரண்டு கோடு. 90 மில்லி கட்டிங் மூன்று. 180 மில்லி குவார்ட்டர் ஆறு.

பீரில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "பீர்தானே, அது தண்ணீர் மாதிரி" என்பார்கள். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 52 மில்லி ஆல்கஹால், எடையில் 41 கிராம். ஒரு பாட்டிலுக்கு நான்கு கோடு. இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர், ஒரு குவார்ட்டர் குடித்தவரைவிட அதிகமாகவே குடித்திருக்கிறார். 5 சதவீத பீருக்குக் கணக்குப்படி இரண்டரை வரும், நான் மூன்று போடுவேன். ஒயின் 150 மில்லிக்கு ஒன்றரை வரும், இரண்டு போடுங்கள். அரைக் கோட்டை எப்போதும் மேலே ஏற்றிவிடுவது நல்லது.

கோடுகளை ஆர்டர் சீட்டின் பின்புறம் போடுங்கள், ஆளுக்கு ஒரு வரிசை. பெயர் தெரியாவிட்டால் "நீலச் சட்டை", "கண்ணாடி", "ஜன்னல் பக்கம்" என்று எழுதுங்கள். முக்கியமானது, சீட்டு மேசையோடு இருக்க வேண்டும், சப்ளையரோடு போகக்கூடாது. பணி மாறும்போதும் சாப்பிடப் போகும்போதும் சீட்டை அடுத்தவர் கையில் கொடுத்து, "நீலச் சட்டைக்கு நான்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். மாந்தோப்புக்காரருக்கு அன்று கிடைக்காமல் போனது இந்த ஒரு வாக்கியம்தான்.

கோடு சரியாக இருக்க வேண்டுமானால் ஊற்றுவது சரியாக இருக்க வேண்டும். எடையளவு முத்திரை இட்ட பெக் மெஷரில் அளந்து, வாடிக்கையாளர் கண் முன்னால் ஊற்றுங்கள். பழக்கப்பட்டவர் என்பதற்காக மெஷர் வழிய ஊற்றிக் கொடுப்பது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். அது அவர் கணக்கையும் கெடுக்கிறது, உங்கள் கணக்கையும் கெடுக்கிறது. ஹோலோகிராம் கிழிந்த பாட்டில், நிறம் மாறிய பாட்டில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டில் எதையும் கவுண்டருக்குள் விடாதீர்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் என்கிற நச்சு ஆல்கஹால் என்ன செய்தது என்று தமிழ்நாடே பார்த்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

டாஸ்மாக்கை ஒட்டிய பாரில் வேலை செய்பவர்கள், "நாங்கள் ஊற்றுவதே இல்லை, எப்படி எண்ணுவது?" என்று கேட்பார்கள். மேசையிலிருந்து நீங்கள் எடுக்கும் காலி பாட்டில்களே உங்கள் கோடு. எடுத்தவுடன் கூடையில் போடுவதற்கு முன் சீட்டில் குறித்துவிடுங்கள்.

கோடு எப்போது அழியும்?

வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் தவறான பதில்கள் அதிகம் உலவுகின்றன. மோர் குடித்தால் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் இறங்கும், காபி, குளிர்ந்த நீரில் குளியல், வாந்தி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. எதுவும் இறக்காது. காபி குடித்தவர் விழித்திருக்கும் போதைக்காரர் ஆவார், அவ்வளவுதான். ரத்தத்திலிருந்து மதுவை எடுப்பது கல்லீரல். அதற்கு ஒரே வேகம்தான் தெரியும். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு கோடு அழிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு குவார்ட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கோடு, ஒன்பது மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தவருக்கு விடியற்காலை ஆறு மணிக்குத்தான் ரத்தம் சுத்தமாகிறது. ஓசூரில் முதல் ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே பைக்கை எடுப்பவர்கள் எத்தனை பேர்! தூங்கி எழுந்ததால் தெளிந்துவிட்டது என்று நம்பி, போதையோடு சாலைக்கு வருகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. எழுபது கிலோ ஆள் வெறும் வயிற்றில் ஒரே ஒரு லார்ஜ் குடித்தால் சுமார் 40 வரை ஏறலாம். ஒரே ஒரு லார்ஜ்! முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் தன் வண்டியின் சேதத்துக்குக் காப்பீடும் கிடைக்காது. ஆகவே, "வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும், எத்தனை பெக் வரை குடிக்கலாம்?" என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில், ஒன்றும் கூடாது என்பதுதான். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன்.

பெண்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் அதே அளவு மது அதிகமாக ஏறும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மேசையில் மாத்திரை அட்டையைப் பார்த்தால் கேப்டனிடம் சொல்லுங்கள். எனர்ஜி டிரிங்க் கலந்து கேட்டால் கொடுக்காதீர்கள். அது மயக்கத்தை மறைக்குமே தவிர போதையைக் குறைக்காது.

மூன்று, ஆறு, எட்டு

நான் வகுத்துக்கொண்ட எண்கள் இவை. சட்டம் சொன்னவை அல்ல, அனுபவம் சொன்னவை.

மூன்றாவது கோடு விழும்போது, கேட்காமலே தண்ணீர் பாட்டிலும் வயிற்றில் நிற்கிற சாப்பாடும் போக வேண்டும். மிளகாய்த் தூள் தூவிய கடலையும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டி அடுத்த பெக்கை இழுக்கும். முட்டை, சிக்கன், பன்னீர், பரோட்டா போன்றவை மது ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கும். மெனுவில் இவை முதல் பக்கத்தில் இருக்கட்டும். சோடா கலப்பதைவிடத் தண்ணீர் கலப்பது மெதுவாக ஏறும். கிளாஸ் காலியாகும் முன்பே அடுத்ததைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கேட்டால் மட்டும் கொண்டு போங்கள், கேட்ட பிறகும் நிதானமாகப் போங்கள்.

ஆறாவது கோட்டில் கேப்டன் மேசைக்கு ஒருமுறை போக வேண்டும். உபதேசம் செய்வதற்கு இல்லை. இரண்டு வார்த்தை பேசினால் ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துவிடும். எட்டில் நிறுத்தம்.

எண் ஒரு பக்கம் இருக்கட்டும், கண் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும். வெளியில் எங்கேயோ குடித்துவிட்டு வந்தவருக்கு உங்கள் சீட்டில் முதல் கோடுகூட விழுந்திருக்காது. நான் முதலில் பார்ப்பது கைகளை. ஒருமுறை ஒருவர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட முயன்றார். முதல் தடவை பைக்கு வெளியே வழுக்கியது. இரண்டாவது தடவை பொத்தானில் இடித்தது. மூன்றாவது தடவை இடது கையால் பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஊசியில் நூல் கோர்ப்பதைப் போல உள்ளே இறக்கினார். பேச்சு தெளிவாக இருந்தது, நடையும் சரியாக இருந்தது. கை மட்டும் உண்மையைச் சொல்லியது. சீட்டில் நான்கு கோடுதான். நான் அத்தோடு நிறுத்தினேன்.

குரல் மெல்ல உயர்வது, ஒரே கதையை இரண்டாம் முறை சொல்வது, பக்கத்து மேசையோடு திடீர் நட்பு, தட்டில் கை வைக்காமல் விட்டுவிடுவது, கழிவறைக்குப் போகும்போது நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவது, ரூபாய் நோட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் கோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

நிறுத்துவது எப்படி?

போதையில் இருப்பவருக்கு நியாயம் ஏறாது, அவமானம் மட்டும் உடனே ஏறும். ஆகவே நண்பர்கள் முன்னால் சொல்லாதீர்கள். அவர் கழிவறைக்கு எழுந்து போய்த் திரும்பும் வழியில், பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். "உங்களுக்கு அதிகமாகிவிட்டது" என்று தொடங்கினால் சண்டை. "அண்ணா, இதற்கு மேல் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. சாப்பாடு சூடாக இருக்கிறது, எடுத்து வரட்டுமா?" என்று நம் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, கையோடு இன்னொன்றை நீட்டிவிட வேண்டும். வெறும் மறுப்பாக விடக்கூடாது.

"கடைசியாக ஒன்று, இதோடு சரி" என்பார். கடைசி ஒன்று என்பது கிடையாது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அதற்கு மேல் உங்கள் வார்த்தைக்கு அந்த மேசையில் மதிப்பு இருக்காது. "நான் யார் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியும் சார், அதனால்தான் கவலையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். இந்தப் பதிலுக்கு இதுவரை யாரும் என் சட்டையைப் பிடித்ததில்லை. குழுவில் குறைவாகக் குடித்தவர் யார் என்று முன்பே பார்த்து வைத்து, அவரைத் தனியே அழைத்து உதவி கேளுங்கள். நூறு வார்த்தை நாம் பேசுவதைவிட நண்பன் தோளில் கை போட்டு, "வாடா, சாப்பிடலாம்" என்றால் வேலை முடிந்துவிடும்.

கையிலிருக்கும் கிளாஸைப் பிடுங்கக்கூடாது. உடம்பைத் தொடக்கூடாது. தனியாக நிற்கக்கூடாது, இரண்டு கையெட்டு தூரத்தில் இன்னொரு ஊழியர் நிற்க வேண்டும். சத்தம் கூடினால் மேலாளர் வர வேண்டும். வந்தவுடன் ஊழியரின் முடிவை மாற்றக்கூடாது. இந்த இடத்தில்தான் பல ஓட்டல்கள் தவறுகின்றன. சப்ளையர் நிறுத்துகிறார், மேலாளர் வந்து, "பழைய கஸ்டமர், ஒன்று கொடுத்துவிடு" என்கிறார். அடுத்த நாளிலிருந்து அந்தச் சப்ளையர் யாரையும் நிறுத்த மாட்டார். முதலாளிகளிடம் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெக் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை வைக்காதீர்கள். வேண்டுமானால் சாப்பாட்டு விற்பனைக்கு வையுங்கள்.

நிறுவன விருந்துகள் என்றால் ஆளுக்கு இத்தனை டோக்கன் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அளவில்லாமல் ஊற்றும் விருந்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெண்கள் இருக்கும் மேசையில் கிளாஸ் கவனிப்பாரின்றிக் கிடந்தால், திரும்பி வந்தவருக்குப் புதிய கிளாஸ் கொடுங்கள். ஒரு பெண்ணுக்காக வேறொருவர் திரும்பத் திரும்ப ஆர்டர் சொன்னால், பெண் ஊழியரை விட்டு அவரிடமே நேராகக் கேளுங்கள்.

சாவி

நம் இரண்டு மாவட்டங்களின் முதுகெலும்பு போல 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடக்கின்றன என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இரவில் யானை சாலையைக் கடக்கும். தெளிவாக இருப்பவனுக்கே பிரேக் பிடிக்க நேரம் போதாது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலும்தான். அடுத்த ஆண்டே அதில் தளர்வுகள் வந்தன. தூரத்தைச் சட்டம் அளக்கட்டும். சாவியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே வரும்போதே, "வண்டியில் வந்தீர்களா?" என்று கேளுங்கள். பைக்கோ காரோ, சாவியை வாங்கி டோக்கன் கொடுத்துவிடுங்கள். குடிக்கும் முன் கேட்டால் சாவி சிரித்துக்கொண்டே வரும். குடித்த பின் கேட்டால் வராது. திரும்பக் கேட்கும்போது சீட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

எப்படி அனுப்புவது? ஓசூரில் செல்போனில் டாக்ஸி கிடைக்கும். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் இருக்காது. நம்பிக்கையான மூன்று ஆட்டோக்காரர்கள், இரண்டு தற்காலிக ஓட்டுநர்களின் எண்களைக் கல்லாவில் வையுங்கள், கட்டணத்தை முன்பே பேசி வையுங்கள். ஓட்டலில் அறை இருந்தால் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போன் செய்வதில் மட்டும் கவனம் தேவை. நல்லெண்ணத்தில் மனைவியை அழைத்துவிடுகிறோம். அந்த வீட்டில் குடித்த கணவன் என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியாது. நம் போனுக்கான அடி அவருக்கு விழலாம். "யாரை அழைக்கட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். தம்பி, மைத்துனன், கூட வேலை செய்பவர் என்று யாராவது இருப்பார்கள்.

காருக்குள் தூங்கிவிட்டுப் போகிறேன் என்றால் விடாதீர்கள். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கினால் புகை வாயுவில் உயிர் போகலாம். எதையும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டால் 112ஐ அழைத்து வண்டி எண்ணையும் போகும் திசையையும் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். எதிரில் யார் வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

விழுந்தவரைத் தூங்க விடாதீர்கள்

"விடுங்கள், தூங்கினால் சரியாகிவிடும்" என்பது பார்களில் உயிரைக் குடிக்கும் வாக்கியம். தட்டி எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலமாகிறது, தோல் சில்லிட்டிருக்கிறது, மயக்கத்தில் வாந்தி எடுக்கிறார் என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, முகத்தைச் சற்றுத் தரைப் பக்கம் திருப்புங்கள். வாந்தி தொண்டையில் அடைக்காது. வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றக்கூடாது. வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால், அவர் எழுந்து பேசினாலும் மருத்துவமனைதான்.

குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குகிறது, கண் முன் வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு கடுமையாக வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அது மெத்தனாலாக இருக்கலாம். ஒரு நிமிடமும் வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மீதியிருக்கும் பாட்டிலைத் தனியே எடுத்து வையுங்கள்.

பார் திறந்தவுடன் முதல் ஆளாக வந்து, கை நடுங்க கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரைக் கேலி செய்யாதீர்கள். அது நோய். மருத்துவ உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை எழுதிய சின்னச் சீட்டுகளைக் கல்லாவில் வைத்து, அவர் தனியாக இருக்கும்போது பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். நான் கொடுத்த சீட்டை ஒருவர் கிழித்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர், அதே எண்ணைத் திரும்ப எழுதித் தரச் சொல்லி வந்து நின்றார்.

இதோடு ஊழியர்களுக்கு ஒன்று: மேசையில் மிஞ்சியதைக் குடிக்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. எண்ணுகிறவன் குடித்தால் கோடு யார் போடுவது? மிஞ்சியதை உடனே கொட்டிவிடுங்கள்.

கடை மூடும்போது

ஒரு நோட்டு வையுங்கள். நிறுத்திய ஒவ்வொரு மேசைக்கும் நேரம், கோடுகளின் எண்ணிக்கை, என்ன சொன்னோம், எப்படி அனுப்பினோம், உடன் இருந்த ஊழியர் யார் என்று ஐந்து வரி. நாளை காவல் நிலையத்திலிருந்து கேள்வி வந்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டை வாசியுங்கள். எந்த மேசையில் தாமதமாக நிறுத்தினோம் என்று அதிலேயே தெரியும்.

சாவிப் பெட்டியில் மிஞ்சிய சாவிகளை எண்ணி, வண்டி எண்ணோடு எழுதிப் பூட்டுங்கள். காலையில் அவர்கள் வருவார்கள். சீட்டில் எட்டுக் கோடு இருந்தவர் ஏழு மணிக்கே வந்து நின்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்காது. உட்காரச் சொல்லி இட்லி கொடுங்கள், பத்து மணிக்கு மேல் சாவியைக் கொடுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். நேற்று நடந்ததைப் பேச்சில் எடுக்காமல், டீயில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.